காதால் கேட்டதைக் கோட்டால் வரைந்தவர்கள்

அமெரிக்காவில் 1930களின் இறுதிவரை இசைத்தட்டுக்களை விற்ற முறை, சங்கீதத்தின் உயிரை எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவும் மறைத்து வைப்பதாகவே இருந்தது. அரக்கினால் வார்க்கப்பட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற அந்தக் கனத்த தட்டுக்களின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிஷங்களுக்கு மேல் இசை கொள்ளாது; ஆகையால் ஒரு ஸிம்பொனியையோ ஒரு பாடகரின் பாட்டுத் தொகுதியையோ விற்க வேண்டுமானால், நாலைந்து தட்டுக்களைத் தனித்தனிக் காகிதப் பைகளில் இட்டு, அந்தப் பைகளைப் புத்தகம்போல் ஒன்றாகக் கட்டி, பழுப்போ பச்சையோ சாம்பலோ ஆன ஓர் அட்டையை மேலே போட்டு, பெயரை மட்டும் பொன்னெழுத்தில் பொறித்து, முதுகுப்புறம் தெரியும்படி அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். அத்தொழிலில் இருந்தவர்களே அவற்றுக்குக் ‘கல்லறைக் கற்கள்’ என்று பெயரிட்டிருந்தார்கள்.

அந்தக் கல்லறைகளுக்கு வர்ணம் பூசியவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1917இல் பிறந்த இவர், விளம்பரச் சித்திரக் கலையைப் பயின்று, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுக்குள்ளேயே கொலம்பியா இசைத்தட்டு ஸ்தாபனத்தின் கலைப் பொறுப்பை ஏற்றார். 1940இல் ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல்கள் அடங்கிய ஒரு தொகுதி வெளிவந்தபோது, இம்பீரியல் தியேட்டரின் முகப்பில் விளக்கெழுத்துக்களால் அத்தொகுதியின் பெயரையே ஏற்றச் செய்து, அதைப் புகைப்படம் எடுத்து உறையில் அச்சிட்டார். அட்டைக்கு ஆகும் செலவு வீண் என்று நினைத்திருந்த முதலாளிகள், பீத்தோவனின் ‘எரோயிகா’ ஸிம்பொனிக்குப் புதிய சித்திர உறை போட்டதும் அதன் விற்பனை பல மடங்கு பெருகியதைக் கண்டு வாயடைத்துப் போனார்கள். 1948இல் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்றும் நெடுந்தட்டு வந்தபோது, கனத்த காகிதப் பை அதன் மெல்லிய வரிகளைக் கீறிவிடுகிறது என்று கண்டு, அச்சிட்ட காகிதத்தை அட்டைமேல் ஒட்டி மடிக்கும் உறையை வகுத்துத் தந்தவரும் அவரே. பிற்காலத்துச் சித்திரக்காரர் அத்தனை பேருக்கும் கிடைத்த அந்தச் சதுரமான பரப்பு, ஏறக்குறைய ஓர் அடி அகலமுள்ள அந்த மேடை, இவ்வாறுதான் தோன்றிற்று.

மேடை கிடைத்துவிட்டது, அதில் எதை வரைவது? மேனாட்டுச் செவ்வியல் சங்கீதத்துக்கு இக்கேள்வி அவ்வளவு கடினமானதன்று. ஒரு கோட்டை, ஒரு கடல், ஒரு மன்னன் என்று கதைப்பொருள் ஏதாவது அகப்படும். ஜாஸ் என்பதோ, பெரும்பாலும் கதையற்றது. நாலைந்து பேர் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் கணத்தில் மனத்தில் எழுந்ததை அந்தக் கணத்திலேயே வாசித்துவிட்டுப் போவது. மறுநாள் அதே மெட்டை வாசித்தால் வேறொன்றாக வரும். இத்தகைய சங்கீதத்துக்கு உறை வரைகிறவன் அதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டு வரைய முடியாது, கேட்டுத்தான் வரைய வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வாசிக்கிறவர்களுக்கு எவ்வளவு அருகில் அவன் உட்கார்ந்திருந்தான் என்பது, அவன் இழுத்த கோட்டில் தெரிந்துவிடுகிறது.

ஸ்டைன்வைஸுக்குப் பின் கொலம்பியாவில் பெயர் பெற்ற ஜிம் ஃப்ளோரா, கேட்ட தாளத்தை அப்படியே காகிதத்தில் உதறிவிட்டவர். கிட் ஓரியின் வாத்தியக் குழுவுக்கும் டிரம்ஸ் வித்வான் ஜீன் க்ரூப்பாவுக்கும் 1947இல் அவர் வரைந்த உறைகளில் மனித உடம்பு சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறொரு நிறம். கைகால்கள் வேண்டிய அளவுக்குப் பெருகுகின்றன, முறுக்கிக்கொள்கின்றன. குதூகலம் என்ற ஒரே ரசத்தை இவரைவிட நன்றாக வரைந்தவர் இல்லை. ஆனால் ஜாஸில் குதூகலம் மட்டுமா உண்டு? அதன் அடியில் ஓடும் துயரத்தையும், தனிமையையும், களைப்பையும், இவை எல்லாவற்றையும் மீறி நிமிர்ந்து நிற்கும் கம்பீரத்தையும் கோட்டில் பிடிப்பதற்கு வேறொருவர் வரவேண்டியிருந்தது.

அவர்தான் டேவிட் ஸ்டோன் மார்ட்டின். 1913இல் சிக்காகோவில் பிறந்து, அந்நகரத்துக் கலைக்கூடப் பள்ளியில் பயின்று, பென் ஷான் என்ற பெரிய ஓவியருக்குச் சுவரோவிய வேலையில் உதவியாளராக இருந்து, யுத்த காலத்தில் அரசாங்கத்துக்காகச் சித்திரங்கள் தீட்டியவர். ஷானுடைய கோடு வழுவழுப்பாக ஓடாது; முள்ளுக்கம்பிபோல் தயங்கித் தயங்கி, முறிந்து, பிறகு பாயும். அந்தக் கோட்டைச் சுவீகரித்துக்கொண்ட மார்ட்டின் அதை ஜாஸுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் ஒரு தோழமை. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் பியானோ வித்வாம்ஸினி மேரி லூ வில்லியம்ஸின் இல்லம், தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற இளம் வித்வான்கள் இரவெல்லாம் கூடி வாசித்தும் விவாதித்தும் கற்ற ஒரு குருகுலமாகவே விளங்கிற்று. அவருடைய நெருங்கிய நண்பரான மார்ட்டினுக்கு, மோசஸ் ஆஷ் என்பவர் நடத்திய சிறிய இசைத்தட்டு ஸ்தாபனத்தில் தம்முடைய தட்டுக்கே உறை வரையும் வேலையை 1944இல் அந்த அம்மையார் வாங்கித் தந்தார். சங்கீதம் பிறக்கும் அறைக்குள்ளிருந்தே, சங்கீதம் வாசித்தவரின் கை பிடித்து, ஒரு சித்திரக்காரர் இத்தொழிலுக்குள் நுழைந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பிறகு நார்மன் கிரான்ஸ் வந்தார். லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்து ஃபில்ஹார்மானிக் அரங்கில் 1944 ஜூலையில் தொடங்கி, ஊர் ஊராகப் பெரிய அரங்குகளில் ஜாஸ் கச்சேரிகள் நடத்திய இவர், வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே உட்கார வைக்கும் அரங்கில் தம்முடைய வித்வான்கள் வாசிக்கமாட்டார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய தீரர். கிளெஃப், நார்கிரான், வெர்வ் என்று அவர் அடுத்தடுத்துத் தொடங்கிய ஸ்தாபனங்களின் முகமாகவே மார்ட்டினுடைய கை அமைந்தது. கச்சேரி விளம்பரங்களிலும் தட்டின் நடுவிலும் இடம்பெற்ற, ட்ரம்பெட் ஊதும் மனிதனின் முத்திரைச் சித்திரமும் அவர் போட்டதே. வாழ்நாளில் அவர் வரைந்த உறைகள் 400க்கும் மேற்பட்டவை. 1949இல் கிரான்ஸ் ‘தி ஜாஸ் ஸீன்’ என்ற பெயரில் 5000 பிரதிகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, ஓர் ஆடம்பரத் தொகுதியை வெளியிட்டபோது, அதன் தட்டுக்களுக்கு இணையான மதிப்புடன் மார்ட்டினின் சித்திரங்களையும் சேர்த்துக் கட்டினார்.

மார்ட்டினின் பேனா எத்தகையது என்று சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். சித்திரக்காரர்கள் ‘குரோ குவில்’ என்று வழங்கும் பேனா, பண்டைக் காலத்தில் காக்கை இறகைச் சீவிச் செய்ததாம். பின்னால் மிக நுண்ணிய எஃகு முனை வந்தது. விரல் சற்றே அழுத்தினால் முனை இரண்டாகப் பிளந்து மை பெருகும், கோடு தடிக்கும். அழுத்தம் தளர்ந்தால் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி மெலியும். அழுத்தியது தவறானால் காகிதத்தைக் கிழித்து மையைத் தெறிக்கும். திருத்துவதற்கு இடமில்லை. வாசித்த ஸ்வரத்தை மீட்டுக்கொள்ள முடியாத வித்வானுக்கு இருக்கும் அதே அபாயம் இந்தப் பேனாவைப் பிடிப்பவனுக்கும் உண்டு. பில்லி ஹாலிடே பாடும்போது, தாளம் முன்னே போய்விட, சொல்லை அரைக்கணம் பின்னுக்கு இழுத்து, கேட்பவருக்கு மூச்சு நிற்கும் வேளையில் இறக்கி வைப்பாள் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். அத்தகைய தாமதத்தை, மெலிந்து மெலிந்து சென்று திடீரெனத் தடிக்கும் ஒரு கோட்டில் மார்ட்டின் கொண்டுவருகிறார்.

அவருடைய உறைகளில் என்னை மிகவும் கவர்வது, முகத்தைவிட மற்றவற்றுக்கு அவர் காட்டும் சிரத்தை. வித்வானின் விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். சாக்ஸபோனின் திறப்புக்களும் நெம்புகோல்களும் ஒன்றுவிடாமல் எண்ணிப் போட்டவைபோல் இருக்கும். ஆனால் கால்சட்டையோ இரண்டு மூன்று வீச்சுக் கோடுகளில் முடிந்துவிடும். ஒலிப்பதிவு அறையின் தரையில் சுருண்டு கிடக்கும் ஒலிவாங்கியின் கம்பி, மடக்கு நாற்காலியின் மெல்லிய கால்கள், கசங்கிய காலணி, யாரோ கழற்றி வைத்த தொப்பி: நேரில் போய் உட்கார்ந்து பார்த்தவனுக்கே கிட்டும் சின்னச் சின்னப் பொருள்கள் இவை. சாக்ஸபோன் வித்வான் சார்லி பார்க்கருக்கு நண்பர்கள் ‘பறவை’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தமையால், அவருடைய உறைகளில் பறவைகளை வரைந்து, ஆளின் சாயலைக் காட்டாமலேயே ஆளை உணர்த்துவதும் உண்டு.

வர்ண விஷயத்தில் அவரைக் கட்டியது பணம். அந்நாளில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித் தகடு செய்து, தனித்தனியே அச்சேற்ற வேண்டும். வர்ணம் கூடக் கூடச் செலவு கூடும். ஆதலால் சித்திரக்காரர் கறுப்பு மையில் மூலச் சித்திரத்தைப் போட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, எந்தப் பகுதியில் எந்த வர்ணம் விழவேண்டும் என்று அதில் வேறாகத் தீட்டிக் கொடுப்பார். கறுப்பும் ஒன்றிரண்டு தட்டை வர்ணங்களுமே பெரும்பாலும் கிடைத்தன. காகிதத்தின் வெண்மையை இன்னொரு வர்ணமாக மார்ட்டின் பயன்படுத்திக்கொண்டார். கோட்டுக்குள் வர்ணத்தை அடைக்காமல், ஒரு செந்நிறத் திட்டைக் கோட்டிலிருந்து சற்று விலக்கியே போட்டுவிடுவார். கோடு ஒரு பக்கம் வாசிக்க, வர்ணம் மறுபக்கம் பக்கவாத்தியம் செய்வதாகக் கண்ணுக்குப் படும். கடையில் தட்டுக்களைப் பெட்டியில் நிறுத்தி வைப்பார்கள், வாங்குபவர் விரலால் ஒவ்வொன்றாய்ச் சாய்த்துப் பார்ப்பார் என்பதால், பெயர்கள் மேற்பகுதியிலேயே தெரிய வேண்டும் என்ற வியாபார விதியும் இருந்தது. அதையும் அனுசரித்து, எழுத்துக்களைப் பல உறைகளில் தம் கையாலேயே எழுதிச் சித்திரத்தின் அங்கமாக்கினார்.

இதற்கெல்லாம் உள்ள பெருமை, மற்றவர் செய்ததை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கறுப்பு வித்வானின் முகத்தை உறையில் போட்டால் வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சிய ஸ்தாபனங்கள் இருந்தன. 1957இல் மைல்ஸ் டேவிஸின் ‘மைல்ஸ் அஹெட்’ வெளிவந்தபோது, அவருடைய சங்கீதத்துக்கும் உறைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமல், பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டார்கள். டேவிஸ் கோபித்துக்கொண்டு கண்டித்த பிறகே பின்னாளைய பதிப்புக்களில் அது மாறிற்று. அதே தசாப்தத்தில் மார்ட்டின், லெஸ்டர் யங்கையும் ஆர்ட் டேட்டமையும் உழைப்பில் தோய்ந்த கலைஞர்களாக, சிந்தனையில் ஆழ்ந்த மனிதர்களாக வரைந்துகொண்டிருந்தார். அவர்களைக் கோமாளிகளாகவோ காட்சிப் பொருளாகவோ அவருடைய பேனா ஒருநாளும் காட்டவில்லை. இதைச் சித்திரத் திறமை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் என் கொள்கைக்கு மாறான சாட்சியம் ஒன்றையும் மறைக்கலாகாது. ‘புளூ நோட்’ ஸ்தாபனத்துக்கு நூற்றுக்கணக்கான உறைகளை அமைத்து, ஜாஸ் உறை என்றாலே இதுதான் என்று உலகம் நினைக்கும்படி செய்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய பற்றுக் கிடையாது. மேனாட்டுச் செவ்வியல் சங்கீதத்தையே அவர் விரும்பிக் கேட்டார். கேளாதவரால் எப்படி முடிந்தது? ஸ்தாபனத்தின் பங்காளியான பிரான்சிஸ் உல்ஃப் ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் உடனிருந்து எடுத்த புகைப்படங்களை அவர் பயன்படுத்தினார். முதல்வரான ஆல்ஃபிரட் லயன், அன்றைய வாசிப்பின் பாவம் எத்தகையது என்று அவருக்கு வாயால் விளக்கினார். அருகில் இருந்தவர்களின் கண்ணையும் காதையும் கடனாக வாங்கிக்கொண்டார் என்றே இதை நான் கொள்கிறேன். அந்த மைல்ஸ்தான், அப்போது பத்திரிகை விளம்பரங்களுக்குக் காலணிப் படம் வரைந்துகொண்டிருந்த ஆண்டி வார்ஹால் என்ற இளைஞரிடம் கிடார் வித்வான் கென்னி பர்ரலின் உறைகளுக்குச் சித்திரம் வாங்கினார். வார்ஹால் மை உறிஞ்சாத தாளில் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து, ஈரம் காயுமுன் வேறொரு தாளை அதன்மேல் ஒற்றி எடுப்பார். ஒற்றிய கோடு விட்டு விட்டு, திட்டுத் திட்டாக விழும். 1957இல் மூன்டாக் என்ற தெருப் பாடகரின் தட்டுக்கு, உறை முழுவதும் எழுத்தாகவே அமைந்த வேலையைச் செய்தவர் வார்ஹாலின் தாயார் ஜூலியா. அழகாகச் சுழித்துச் சுழித்து அம்மூதாட்டி எழுதிய எழுத்தே அங்கே சித்திரமாகிவிட்டது.

1959இல் கொலம்பியா வெளியிட்ட இரு தட்டுக்களையும் சொல்ல வேண்டும். டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’, சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’ ஆகிய இரண்டுக்கும், ஹவாய்த் தீவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தாலேயே முகாமில் அடைக்கப்பட்ட நீல் ஃபுஜிட்டா, உருவமற்ற வண்ண ஓவியங்களைத் தீட்டினார். ஐந்தும் ஒன்பதுமாக எண்ண வேண்டிய தாளங்களைக் கண்டும், உறையில் ஓவியத்தைக் கண்டும் ஸ்தாபனத்தின் மேலதிகாரிகள் தயங்கினார்கள் என்பதைப் புரூபெக்கே சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டு உலகமெங்கும் விற்றது.

ஜாஸிலிருந்து உலக சங்கீதத்துக்கு வந்தால், அருகாமை என்ற பிரச்னை இன்னும் கூர்மையாகிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் இசையைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திண்டாடிய சிறு ஸ்தாபனத்தார், 1987இல் லண்டனில் ஒரு மதுச்சாலையின் மாடியில் கூடிப் பேசி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘உலக சங்கீதம்’ என்று ஒரு பலகை எழுதி மாட்டுவதென முடிவு செய்தார்கள். வியாபாரத்துக்கு அது உதவிற்று. ஆனால் செனகலும் கியூபாவும் ஒரே பலகையின் கீழ் வந்ததும், இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கும் சித்திரமும் தேவைப்பட்டது. 1993இல் டான் ஸ்டோர்ப்பர் தொடங்கிய ‘புட்டுமாயோ’ ஸ்தாபனம், ஆங்கிலேயச் சித்திரக்காரி நிக்கோலா ஹைண்டலின் கையை நாடிற்று. அவர் வரையும் மனிதர்கள் பளிச்சிடும் வர்ணத்தில் ஆடுகிறார்கள், முழவு அடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள்; புத்தகக் கடையிலும் பரிசுப்பொருள் கடையிலும் அந்த உறையைக் கண்டு, பெயர் தெரியாத நாட்டின் பாட்டைத் தயக்கமின்றி வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். இந்த வரவேற்பு சிறிய காரியமன்று. ஆனால் எந்த நாட்டைத் திறந்தாலும் அதே வெயில், அதே பண்டிகை என்று ஆகிவிடும்போது, அந்த நாடுகளின் பாட்டுக்களிலேயே உள்ள பசியும் சினமும் உறைக்கு வெளியே நின்றுவிடுகின்றன என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

சினத்தை உள்ளே கொண்டுவந்தவர் நைஜீரியரான லெமி காரியோக்வு. லாகோஸ் நகரில் 1955இல் பிறந்து, எந்தப் பள்ளியிலும் சித்திரம் பயிலாமல் தானே கற்றவர். அவர் வரைந்த புரூஸ் லீயின் படம் ஒன்றை ஒரு மதுக்கடைச் சுவரில் கண்ட பத்திரிகையாளர், பாடகர் ஃபெலா குட்டியின் உருவத்தை வரையச் சொல்லி, அதைப் பாடகரிடமே எடுத்துச் சென்றார். ஃபெலா மகிழ்ந்து பணம் கொடுக்க, பதினெட்டு வயதுப் பையன் வாங்க மறுத்துவிட்டான். தம்முடைய கச்சேரி எதற்கும் எந்நாளும் கட்டணமின்றி வரலாம் என்று ஃபெலா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இதைவிட மேலான ஊதியம் ஓர் உறைச் சித்திரக்காரனுக்குக் கிடைத்திருக்க முடியாது.

1974இல் வந்த ‘அலக்பான் க்ளோஸ்’ அவருடைய முதல் உறை. அலக்பான் என்பது ஃபெலாவைப் போலீசார் அடைத்து வைத்த இடம். உறையில் ஃபெலா மலைபோல் எழுந்து நிற்கிறார். கையில் அறுந்த சங்கிலி. ஒருபுறம் சிறைச்சாலை இடிந்து கிடக்கிறது. கீழே நீரில் ஒரு திமிங்கிலம் போலீஸ் படகைக் கவிழ்க்கிறது. இவ்வளவும் ஒரு சதுரத்தில். கொட்டகைப் பதாகையின் ஆவேசமும், கேலிச்சித்திரத்தின் கூர்மையும், எழுத்தறியாதவனும் ஒரு பார்வையில் கதையைப் படித்துக்கொள்ளும் தெளிவும் இதில் ஒன்றுகூடியிருக்கின்றன. 1976இல் ‘யெல்லோ ஃபீவர்’ என்ற பாட்டு, தோலை வெளுக்கச் செய்யும் களிம்புகளின்மேல் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு இருந்த மோகத்தைச் சாடிற்று. காரியோக்வு, களிம்பு தின்று திட்டுத்திட்டாகிப் போன ஒரு பெண்ணின் உடலையும், விலையோடு கூடிய களிம்புப் புட்டியையும் வரைந்தார். சிவப்பழகுக் களிம்பின் விளம்பரங்களைக் கண்டு வளர்ந்த நம் நாட்டவருக்கு இந்த உறையைப் பொழிப்புரை இன்றியே விளங்கிக்கொள்ள முடியும்.

இந்த அருகாமைக்கு விலையும் இருந்தது. சிப்பாய்களை உயிரற்ற பிணங்களாகப் பழித்த ‘ஸாம்பி’ பாட்டுக்குப் பின், 1977 பிப்ரவரியில் நைஜீரியப் படையினர் ஃபெலாவின் இல்லத்தைச் சூழ்ந்து தீக்கிரையாக்கினர். அவருடைய வயது முதிர்ந்த தாயார் ஜன்னலிலிருந்து எறியப்பட்டு, மறு ஆண்டு மரணமடைந்தார். அக்கொடுமையைப் பாடிய ‘ஸாரோ டியர்ஸ் அண்ட் பிளட்’ தட்டுக்குக் காரியோக்வு வரைந்த சித்திரம் ஃபெலாவுக்குப் பிடிக்கவில்லை. அதுவரை தன் எண்ணப்படி வரைந்து வந்த இளைஞர் மனம் கசந்து விலகினார். இருவரும் தம் தம் கொள்கையில் உறுதியாயிருந்த மனிதர்கள். கூலிக்கு வரைபவனாயிருந்தால் திருத்திக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பான். பிறகு மீண்டும் கூடினார்கள். மொத்தம் 26 உறைகளை ஃபெலாவுக்காக அவர் வரைந்தார். 1989இல் வந்த ‘பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்’ உறையில் ரேகனுக்கும் தாட்சருக்கும் தென்னாப்பிரிக்காவின் போத்தாவுக்கும் தலையில் கொம்புகளை முளைக்க வைத்து, லாகோஸ் கடைத்தெருவில் எவரும் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தது, பழைய சினம் சிறிதும் ஆறாத அதே கைதான்.